இருபது பேர் பிடித்திருந்த பாவு

1

மூன்று மாதத்துக்கு முன் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த நளினியின் சைக்கிள் காணாமல் போயிற்று. சிவப்பு சைக்கிள், மணி அடிக்காது, பின் சக்கரம் சற்றுக் கோணல். திருடியவன் பாவம், அதை ஓட்டிப் பார்த்திருந்தால் அவனே திருப்பிக் கொண்டுவந்து வைத்திருப்பான். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியுமா? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போலீசில் சொல்லவேண்டும் என்று நின்றாள்.

கோவெண்ட்ரிக்கு நான் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் அதற்கு ஐந்து வருஷம் முன்பே வந்துவிட்டார். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இந்த ஒன்றரை வருஷத்தில் நான் போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவழியாகப் போனதே இல்லை. மார்க்கெட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. நான் சுற்றிக்கொண்டு போவேன். காரணம் கேட்டால் மேடு ஏற முடியவில்லை என்பேன். அந்தத் தெருவில் மேடே கிடையாது.

நளினிக்காகப் போனேன். புகாரை முறையாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்களோ அப்படி எழுதியிருந்தேன். அங்கிருந்த போலீஸ்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. பிறகு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து சைக்கிளின் நிறம், நாள் எல்லாம் எழுதி, அடியில் தன் பெயரையும் தன் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இந்தச் சீட்டோடு தன் மேலதிகாரிக்கு எழுதலாம் என்றார்.

நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றேன். போலீஸ்காரர் தன்மேல் புகார் கொடுக்கத் தானே பெயர் எழுதித் தருகிறார். நளினி என் புடவையை இழுத்து, "அம்மா, கம் ஆன்," என்றாள்.

இதைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் நியாயம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். விமான நிலையத்தில் என்னையும் குழந்தையையும் நான்கு மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இவர்தான் உன் கணவர் என்பதற்கு என்ன ருசு என்று கேட்டவருக்குப் பெயர் இருந்ததாகவே தெரியவில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கும் ஜமைக்கா அம்மாளிடம் சீட்டைக் காட்டினேன். போலீஸ் தன் பிள்ளையைச் சோதனை போட்டபோது தனக்கு யாரும் சீட்டுக் கொடுக்கவில்லை என்றார். இருந்தாலும் என் கையில் சீட்டு இருந்ததே. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாவு டப்பாவின் அடியில் வைத்தேன். அங்கே ஏற்கனவே ஒரு கடிதம் மூன்று வாரமாக இருந்தது.

2

அந்தக் கடிதம் காஞ்சிபுரத்திலிருந்து வந்தது. தனம் அக்காவுடையது.

நான் வாலாஜாபாத்துக்காரி. காஞ்சிபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் தட்டச்சர் வேலை கிடைத்ததும், நெசவாளர் தெரு ஒன்றில் ஓர் அறையும் சமையல் இடமும் வாடகைக்குப் பிடித்து, நளினியோடு இருந்தேன். எந்த ஆபீஸ் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதவேண்டிய இடத்தில் எழுதியாயிற்று, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தனம் அக்காவும் அவர் கணவர் ஏகாம்பரம் அண்ணனும் மூன்று பிள்ளைகளும். அவர்கள் தறிச் சத்தத்தில்தான் நளினி தூங்குவாள். தறி நின்றால் விழித்துக்கொள்வாள். இப்போது அவளிடம் கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாள். ஞாபகம் இல்லை என்பதையும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள்.

பாவு போடுவதைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன் புடவையின் நீள நூலை மொத்தமாகத் தெருவில் முளையடித்து நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். அதுதான் பாவு. வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டும். கஞ்சி பட்ட பிறகு கையை விட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து எல்லாம் வீண். அதனால் யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே வந்து பிடிக்கும். முதல் நாள் குழாயடியில் கட்டிப் புரண்டவர்கள்கூட மறுநாள் விடியலில் எதிரெதிரே நின்று பிடிப்பார்கள். பேசமாட்டார்கள், ஆனால் பிடிப்பார்கள். நானும் ஆபீசுக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் பிடிப்பேன். தனம் அக்கா எனக்கென்று ஓர் இடம் வைத்திருந்தார், நடுவில், வேப்பமரத்துக்கு நேராக.

3

நெருக்கடி நிலை வந்து, மாநில ஆட்சியும் கலைந்து, சில வாரங்கள் ஆகியிருந்தன. பேப்பரில் செய்தியே இருக்காது. ரயில் நேரத்துக்கு வருகிறது, ஆபீசர்கள் நேரத்துக்கு வருகிறார்கள் என்று மட்டும் போட்டிருப்பார்கள். எங்கள் ஆபீசில் எல்லோரும் நேரத்துக்கு வந்தோம், அது உண்மைதான்.

அப்போது எங்கள் தெருவுக்கு நான்கு பேர் வந்தார்கள். மூன்று பிள்ளை பெற்ற ஆண்களின் பெயரை எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை முகாமுக்கு வந்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும், வராதவர்களுக்கு ரேஷன் கார்டு இருக்காது என்றார்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஏகாம்பரம் அண்ணன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"வர்றோம் சார். ஆனா வராட்டி கார்டு இல்லன்னு சொல்றீங்களே, அதுக்கு ஆர்டரு எதனா இருக்குதா? இருந்தா காட்டுங்க, நான் படிச்சுப் பாக்கறேன்."

"ஏன், வாயால சொன்னா ஏறாதா?"

"ஏறும் சார். நாளைக்கு வேற ஒர்த்தர் வந்து நான் சொல்லலன்னு சொல்லிட்டா? அதுக்குத்தான் கேக்கறேன்."

அவ்வளவுதான் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. வந்தவர் அவர் பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்ததை நான் பார்த்தேன்.

நாலாம் நாள் காலையில் அவர் வீட்டுப் பாவு. இருபது பேர் பிடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் கஞ்சி தடவிக்கொண்டே வேப்பமரம்வரை வந்துவிட்டார். ஒரு ஜீப் தெருமுனையில் நின்றது. ஒரு அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கிப் பாவின் ஓரமாகவே நடந்து வந்து, எனக்கு நான்கு முழம் தள்ளி அவர் தோளில் கை வைத்தார்கள்.

அவர் இரண்டு கையிலும் கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளத் துண்டு தேடினார். கிடைக்கவில்லை. எங்களைப் பார்த்து, "யாரும் கைய வுடாதீங்கபா. காஞ்சிடும்," என்றார்.

நாங்கள் விடவில்லை. தனம் அக்காவும் விடவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் திரும்பி, ராஜவீதிப் பக்கம் போய் மறைந்தது. இருபது பேரும் நூலைப் பிடித்தபடி நின்றோம். ஓடிப்போய் எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்க ஒருவர் கையும் காலியாக இல்லை. தன் பிடியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, அவருக்குப் பதிலாகக் கஞ்சிப் பானையை எடுத்துக்கொண்டு வந்தவர் தனம் அக்காதான். மீதிப் பாவு முழுவதையும் அவரே தடவி முடித்தார். கடைசி முளைவரை போய், நூலை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, அதன்பிறகுதான் தெருவில் உட்கார்ந்து அழுதார்.

இதை யாரிடம் சொன்னாலும், அன்றைக்கு ஏன் விடவில்லை என்று கேட்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். கஞ்சி போட்ட பாவை விடுவது என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது, வரிசையாக ஒவ்வொருவருக்கும்.

4

காவல் நிலையத்தில் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். இரண்டாவது நிலையத்திலும் அதுவே. தனம் அக்கா மனு எழுதுபவரிடம் போய் ஒரு மனு எழுதி வாங்கி, எங்கள் ஆபீசில் கொடுத்தார். என் மேஜையைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குத் தெரிந்தவர் என்று காட்டிக்கொண்டால் எனக்குக் கஷ்டம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் பதில் தட்டச்சுக்கு என் மேஜைக்கு வந்தது. மேலாளர் கையால் எழுதியிருந்தார். மனுவில் கண்ட நபர் எவராலும் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்படவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. யார் தெரிவிக்கிறார் என்பது அதில் இருக்காது. அப்படிப்பட்ட வரிகளை ஆறு வருஷமாக நான் நாள் முழுக்க அடித்திருக்கிறேன்.

நான் மேலாளர் அறைக்குப் போனேன். அவரைக் கூட்டிப் போனதை நானே பார்த்தேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, உங்க தடையில்லாச் சான்று விஷயமா? மேலதான் இருக்குது. இந்த வாரம் கையெழுத்தாயிடும்."

பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சான்று இல்லாமல் முடியாது. ஐந்து வருஷமாகத் தகப்பனைப் பார்க்காத பெண் வீட்டில் இருக்கிறாள். நான், "ஆமா சார், அதான் கேக்க வந்தேன்," என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, மூன்று பிரதி அடித்தேன். ஒரு பிழை இல்லை. இடது மூலையில் வழக்கம்போல் என் பெயரின் சுருக்கத்தையும் போட்டேன்.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம், தனம் அக்கா அந்தக் கடிதத்தோடு என் அறைக்கு வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "சரோஜா, சர்க்கார் காயிதம் வந்துக்குது. படிம்மா," என்றார். நான் வாங்கினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டில் சாயம் தோய்த்த நூல் உலர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு முழுவதையும் படித்து முடித்தேன்.

அவர் கடிதத்தை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி, நளினிக்கு ஜுரம் உட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த பாவு ஒரு மாதத்தில் வந்தது. தனம் அக்காவுடைய தம்பி வந்து தறியில் உட்கார்ந்திருந்தான். நான் போய் என் இடத்தில் நின்று பிடித்தேன். அதற்கடுத்த பாவுக்கும் போனேன். ஐப்பசியில் விமானம் ஏறும்வரை ஒன்றைக்கூட விடவில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேனா என்று கேட்டால், ஆமாம், ஒரு மூலையில் நினைத்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

5

தேர்தல் அறிவித்த பிறகு ஏகாம்பரம் அண்ணன் வீடு திரும்பினார் என்று என் தம்பி எழுதியிருந்தான். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, தறியில் உட்கார முடியவில்லை என்றும் எழுதியிருந்தான். நான் அதற்கு என்ன பதில் எழுதினேன் தெரியுமா? இங்கே பனி அதிகம் என்று எழுதினேன்.

மாவு டப்பாவின் அடியில் இருந்த கடிதத்தில் தனம் அக்கா சொன்னது இதுதான். நெருக்கடி நிலையில் நடந்ததை விசாரிக்கக் கமிஷன் போட்டு மனு வாங்குகிறார்கள். இவரும் கொடுத்தார். ஆனால் அவரை யாரும் பிடிக்கவே இல்லை, விரல் எங்கேயோ விழுந்து முறிந்தது என்று பதில் வந்திருக்கிறது. அதற்கு ஆதாரமாக அந்தப் பழைய கடிதத்தையே காட்டுகிறார்கள். தெருக்காரர்கள் பதினேழு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள், எல்லாரும் உன் உறவு என்று தள்ளிவிட்டார்கள். நீ அன்றைக்கு அங்கே நின்றாய். நீ சர்க்காரில் வேலை பார்த்தவள். பார்த்ததை எழுதிக் கொடுப்பாயா?

எழுத்து கோணல் கோணலாக இருந்தது. ஏகாம்பரம் அண்ணன் இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

மூன்று வாரம் நான் அதைத் தொடவில்லை. பார்த்ததை எழுதினால், அடித்ததையும் எழுதவேண்டும். மூலையில் என் பெயர் இருக்கிறதே. தனம் அக்காவுக்கு அது தெரியாது, தெரியாமலே இருந்துவிடட்டும் என்று இரண்டு வருஷம் இருந்தாயிற்று. அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது. சர்க்காரெல்லாம் அப்புறம்தான்.

சைக்கிள் சீட்டை வைக்க அன்று டப்பாவைத் தூக்கியபோது கடிதமும் கையோடு வந்தது. என் வீட்டுக்காரரிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"உன் தம்பி கவர்ன்மென்ட் வேலையில இருக்கான். நம்ம பாஸ்போர்ட்ட அடுத்த வருஷம் புதுப்பிக்கணும். யோசிச்சியா?"

"அதையே யோசிச்சுக்கினு இருந்துதான் அன்னிக்கு அடிச்சேன்."

அவர் சனிக்கிழமை, தொழிற்சாலை நண்பரிடமிருந்து ஒரு தட்டச்சுப் பொறியை இரவல் வாங்கி வந்து மேஜையில் வைத்தார்.

6

உறுதிமொழிப் பத்திரம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. மற்றவர்களுக்காக நூறு அடித்திருக்கிறேன். எனக்காக ஒன்று அடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஜீப்பை எழுதினேன். சொட்டிய கஞ்சியை எழுதினேன். அன்று அவருடைய பத்து விரலும் மடங்கின, இழை பிரித்ததை நான்கு முழம் தள்ளி நின்று பார்த்தேன் என்று எழுதினேன். மனு கொடுத்த ஐந்தாம் நாள், அவர் பிடிக்கப்படவில்லை என்ற கடிதத்தை அடித்தவள் நான், அது பொய் என்று தெரிந்தே அடித்தேன் என்று எழுதினேன். ஆபீசின் பெயர், மேலாளரின் பெயர், என் பெயர், எல்லாம் முழுதாக.

கையெழுத்துக்காக நான் போய்ப் பார்த்த வழக்கறிஞர் வயதானவர். மெதுவாகப் படித்தார். உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. யாரும் மிரட்டவில்லை, எனக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது என்றேன். அந்த வரி உங்களுக்குப் பாதகம், எடுத்துவிடலாமா என்றார். இருக்கட்டும் என்றேன்.

தூதரகத்தில் முத்திரைக்காக இரண்டு முறை அலைந்தேன். முதல்முறை படிவம் தவறு. இரண்டாம் முறை அங்கிருந்த நம் ஊர்க்காரர் பத்திரத்தைப் படித்துவிட்டு, "இதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம், எதுக்கும்மா கிளறிக்கிட்டு?" என்றார். அவருக்கு ரெண்டு விரல் மடங்குமா சார் என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். படித்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள் என்றேன். முத்திரை கிடைத்தது.

பத்திரத்தோடு தனம் அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதமும் வைத்தேன். அன்று உங்களுக்கு நான் படித்துக் காட்டிய கடிதத்தை அடித்தது நான்தான், மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள், முடியாவிட்டாலும் பத்திரத்தை உபயோகப்படுத்திக்கொள்ளுங்கள் என்று எழுதினேன்.

7

நேற்று பதில் வந்தது. பத்திரத்தை எடுத்துக்கொண்டார்களாம், மறுபடி கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தம்பி கோபமாக இருக்கிறான், அது தனிக் கடிதம்.

தனம் அக்கா சொன்னதை அண்ணன் இடது கையால் அப்படியே எழுதியிருந்தார்:

"சரோஜா, அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா. நீ காயிதத்தப் பாக்காமலே படிச்ச. ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கினு, ஒரு இடத்துல நிக்காம முழுசாச் சொல்லி முடிச்ச. எனக்குப் படிக்கத் தெரியாதுதான், ஆனா படிக்கறவங்க எங்க பாப்பாங்கன்னு தெரியும். கேட்டிருந்தா நீ அடுத்த பாவுக்கு வந்திருக்க மாட்ட. வந்து நின்ன. அப்போதிக்கு அது போதும்னு உட்டுட்டேன். இப்ப போதாது. அதான் உன்னக் கேட்டேன். நளினி எப்படி இருக்குது? தூங்கறாளா?"

அடுப்படியில் நின்றபடி படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். நளினி வந்து, யார் கடிதம், ஏன் அழுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உன்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள் என்றேன். எங்கே, படித்துக் காட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து மறந்துகொண்டே வருகிறது.

நான் கடிதத்தை மேஜையில் விரித்து, விரலை வைத்து, கோணல் எழுத்து ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து, அவளுக்குப் படித்துக் காட்டினேன்.